ஆளுக்கு இரண்டு நிமிடம்

சாட்ஸ்வொர்த், யூனிட் ஐந்து, சமூகக் கூடம்.
மழை விட்டும் கூரை விடவில்லை.
என் வேலை கடிகாரம் பார்ப்பது.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
முடிந்தால் மணி.

மேசையில் வரைவு, பதினொரு பக்கம்:
சிறைக்குப் பதில் சிகிச்சை விதிக்கும் நீதிமன்றம்
இனி யார் யாருக்குக் கதவு திறக்கலாம் என்று.
இதுவரை முதல் குற்றத்துக்கு மட்டும்.
வழுக்கியவன் இரண்டாம் முறை வழுக்கினால்
தரைக்கே சொந்தம்.

ஏழாம் எண், கோகிலம் மூட்லி.
கைப்பையை மார்போடு அணைத்தபடி வந்தாள்.
மைக்கைத் தொடாமல் ஓரடி தள்ளியே நின்றாள்.

"எங்கள் வீட்டில் இரண்டு சுகர்.
ஒன்று எனக்கு, பதினெட்டு வருஷமாய்.
இன்னொன்று என் மகன் பிரெனோலனுக்கு.
அந்தப் பொடிக்கும் இந்த ஊரில் அதே பேர்தானே?
யார் வைத்தார்களோ,
கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த வம்சத்துக்கு
பொருத்தமாய்த்தான் வைத்திருக்கிறார்கள்."

யாரோ சிரித்தார்கள்.
அவள் நிற்கவில்லை.

"போன தீபாவளிக்கு நாலு பர்ஃபி தின்றேன்.
ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினாள்.
திட்டிக்கொண்டே ஊசி போட்டாள்.
அடுத்த மாதமும் தின்றேன்.
அடுத்த மாதமும் திட்டு, அடுத்த மாதமும் ஊசி.
மூன்றாம் முறை, அம்மா, உனக்குத் தகுதியில்லை என்று
ஒருத்தரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.
அவனுக்குச் சொன்னார்கள்.
டைப் அடித்து, முத்திரை குத்தி.
அது வெறும் விதி, ஆண்ட்டி, என்றார் வக்கீல்.
வீட்டுக்கு வந்து நம் பாஷையில் சொல்லிப் பார்த்தேன்.
தகுதியில்லாதவன்.
என் வாயால், என் பிள்ளையை."

ஒரு நிமிடம் நாற்பது.

"திருடினான், இல்லையென்று சொல்ல வரவில்லை.
முதலில் என் குழாயைத்தான் திருடினான்.
பித்தளை. காலையில் முகம் கழுவப் போனால்
சுவரில் ஓட்டை, அதிலிருந்து தண்ணீர்
முற்றமெல்லாம், நான் கையை வைத்து அடைத்து..."

மணியடித்தேன்.

"மன்னிக்கணும்" என்றாள், என்னைப் பார்த்து.

எட்டாம் எண், ஹார்டுவேர் கடை ஜெகநாதன் படையாச்சி.
"என் ஷட்டரை நாலு முறை உடைத்தார்கள்.
நாலாம் முறை நான் உள்ளே இருந்தேன்."
இடது கையைத் தூக்கிக் காட்டினார்.
மூன்று விரல் மடங்கவில்லை.
"தள்ளியவன் இந்த அம்மாவின் பிள்ளை.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
அதனால்தான் ஒரே வரிசையில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தோம்.
ஜெயிலுக்குள் பொடி கிடைக்காதென்றா நினைக்கிறீர்கள்?
விலைதான் இரட்டிப்பு.
இரட்டிப்புப் பழக்கத்தோடு ஒருநாள் வெளியே வருவான்.
எங்கே வருவான்? என் ஷட்டருக்குத்தான் வருவான்.
அவனை நான் மன்னிக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.
அவனுக்கு மருந்து கொடுங்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
மிச்ச நேரம் எனக்கு வேண்டாம்."

ஐம்பது வினாடி மிச்சம்.
அதை யாருக்குக் கொடுப்பதென்று
என் தாளில் கட்டம் இல்லை.

மாலையில் திருத்தம் வாசித்தார்கள்.
'முதல் குற்றத்துக்கு மட்டும்': கோடு கிழித்தாயிற்று.
'சிகிச்சைக்குப் பின் மறுபடி விழுந்தோர்': சேர்த்தாயிற்று.
கைகள் தட்டின. என் கையும்.
'வன்முறை' என்ற சொல்லுக்கு வந்தபோது
தலைவரின் பேனா நின்றது,
ஜெகநாதனின் கையைப் பார்த்தது போலிருந்தது,
அடுத்த கூட்டத்துக்கு என்று ஓரத்தில் எழுதியது.

அப்படியென்றால் பிரெனோலன்
இன்னும் வெளியில்தான்.
அதாவது, உள்ளே.

நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.
தேநீர் டிரம் அருகே கோகிலம் மட்டும்.
"இதில் சுகர் போட்டிருக்கா?"
"போட்டுத்தான் கலக்கினார்கள்."
கோப்பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பாதி குடித்தாள்.
மீதியைச் சிந்தாமல், மெதுவாக,
என் மணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.